மாமனாருக்கு ஒரு பீர்ப் பெட்டி

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எழுதுவதற்கு எனக்கு ஒரு தகுதியும் கிடையாது. பத்தாம் வகுப்பில் தமிழில் முப்பத்தெட்டு மார்க் எடுத்தவன். அதிலும் மூன்று மார்க் வாத்தியார் பாவம் பார்த்துப் போட்டது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் எர்ணாவூர் பட்டறையில் கேட்டுக்கும் கிரில்லுக்கும் எடுக்கிற அளவுகள்தான். "ஆறுக்கு மூன்றரை, இரட்டைக் கதவு" என்பதைத் தாண்டி ஒரு முழு வாக்கியம் எழுதியதாக ஞாபகம் இல்லை.

ஆனால் வேறு வழியில்லை. எங்கள் தெருவில் இந்தக் கதையை ஆளுக்கு ஒரு மாதிரி சொல்கிறார்கள். ஆட்டோ ஸ்டாண்டில் சொல்கிற கதையில் நான் பெட்டியின் மேல் விழுந்து புரண்டு அழுகிறேன். மீன் மார்க்கெட்டில் சொல்கிற கதையில் என் மாமனார் பெட்டிக்குள் இருந்தே எழுந்து வருகிறார். நான் குறுக்கே புகுந்து "அப்படி இல்லை" என்று சொல்லலாம். ஆனால் நான் பேசும்போது யாராவது இருமினால்கூட நிறுத்திவிடுகிற ஆள். எழுதினால் நடுவில் யாரும் இரும முடியாது என்று தோன்றியது.

என் மாமனார் வேலாயுதம் துறைமுகத்தில், கப்பல் சரக்கைத் தூக்கி இறக்குகிற வின்ச் ஓட்டியவர். ரிட்டயர் ஆகிப் பல வருடம் ஆன பிறகும் எங்கள் பக்கத்தில் அவருக்கு 'துறைமுகம்' என்றுதான் பெயர். குடலிறக்க ஆபரேஷன் முடிந்து, ஒரு மாத ஓய்வுக்கு என்று திருவொற்றியூரில் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒரு மாதம் எட்டு மாதமானது.

சாயங்காலம் நான் பட்டறையிலிருந்து வந்ததும் இரண்டு பேரும் வாசலில் உட்காருவோம். அவர் நாற்காலியில், நான் படியில். தெருமுனையில் கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கும். ஒரு லாரி நகர்ந்தால் அவர், "நவுந்துச்சி மாப்ள" என்பார். நான், "ஆமா மாமா" என்பேன். அரை மணி நேரம் கழித்து அடுத்த லாரி நகரும். (இதற்குப் பெயர் பேச்சா என்று கேட்காதீர்கள். எனக்கு என் சொந்த அப்பாவிடம் இவ்வளவு பேச்சு இருந்ததில்லை.)

அப்படி இருக்கும்போது ஒருநாள் இரவுச் சாப்பாட்டில் மாமா அறிவித்தார்.

"ஆவடிக்குப் போலாம்னு கீறேன். வர்ற நாயித்துக்கெயம பெரியவன் காரு எட்த்துகினு வர்றேன்னான். பொண்ணு வூட்ல எத்தினி நாளு குந்திகினு துன்றது? நாலு பேரு இன்னா சொல்லுவான்?"

என் மனைவி கௌரி, "எந்த நாலு பேரு நைனா? பேரச் சொல்லு, நான் போய்க் கேட்டுட்டு வரேன்" என்றாள்.

"அதான் ஒலக வயக்கம்மா."

கௌரி என்னைப் பார்த்தாள். "நீங்க போகக் கூடாது மாமா, இங்கேயே இருங்க" என்று வீட்டுக்காரன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். மாப்பிள்ளை வாயால் வந்தால் அது கௌரவம். நானும் வாயைத் திறந்தேன். வந்த வார்த்தை, "கொஞ்சம் ரசம் ஊத்து."

படுக்கும்போது கௌரி, "ரசமாய்யா கேட்ட?" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

வாயால் சொல்ல முடியாததைக் கையால் செய்துவிடலாம் என்று நினைப்பது என் பழைய வியாதி. கௌரிக்கு நான் காதலைச் சொன்னதுகூட ஒரு இரும்பு ஷூ ஸ்டாண்டு செய்து கொடுத்துத்தான். மாமாவுக்கு என்ன செய்யலாம் என்று யோசித்தேன். மாமாவிடம் ஒரே ஒரு கதைதான் உண்டு. சின்ன வயதில் ஏதோ ஒரு வெளிநாட்டுக் கப்பலில் சரக்கு இறக்கி முடித்ததும், கப்பல்காரர்கள் இவரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். அங்கே சுவரில் ஒரு குழாய்.

"தொறந்தா பீரு மாப்ள! நம்ம தெருக் கொழாய்ல காத்து வர்ற மாரி, அங்க பீரு வருது. சில்லுனு. அத்தோட ருசி பாட்டில்ல கெடையாது. இனிமே எங்க கெடைக்கப் போவுது!"

எட்டு மாதத்தில் இந்தக் கதையை வாரம் இரண்டு தடவை கேட்டிருக்கிறேன். டாக்டரும் "எப்பவாவது அரை டம்ளர் பரவாயில்லை" என்று சொல்லியிருந்தார். சரி, வீட்டிலேயே ஒரு பீர்க் குழாய் வைத்துவிடலாம். அதை விட்டுவிட்டு யார் ஆவடிக்குப் போவார்கள்?

இந்த மாதிரிப் பெட்டி செய்வதை மொபைலில் ஒரு வீடியோவில் பார்த்தேன். பேசியவர் என்ன பாஷை பேசினார் என்று தெரியாது. ஆறு தடவை பார்த்துக் கையசைவை வைத்துப் புரிந்துகொண்டேன். மேலே மூடி திறக்கிற பழைய ஃப்ரீசர் ஒன்று. உள்ளே பீர் நிரப்பிய ஸ்டீல் பீப்பாய். அதற்குக் கேஸ் சிலிண்டரிலிருந்து அழுத்தம். வெளியே குழாய். அவ்வளவுதான். நடுவில் அந்த ஆள் ஃப்ரீசருக்கும் மூடிக்கும் இடையே மரச்சட்டம் ஒன்று செய்து பொருத்தி, அந்த மரத்தில்தான் குழாயை மாட்டினார். அது அழகுக்கு என்று நினைத்தேன். இரும்பு வேலைக்காரனுக்கு மரச்சட்டம் எதற்கு என்று அந்தப் பாகத்தைத் தள்ளிவிட்டுப் பார்த்தேன். (இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ரீசர் ஞாபகம் வைத்துக்கொண்டது.)

சாமான்கள் சேர்ந்தன. மெயின் ரோட்டில் மூடிய ஐஸ்கிரீம் கடையிலிருந்து ஆள் நீளத்துக்கு ஒரு வெள்ளை ஃப்ரீசர். காயலான் கடையிலிருந்து, சோடா கம்பெனியில் பாகு ஊற்றி வைக்கிற ஸ்டீல் பீப்பாய். பட்டறையிலிருந்து வெல்டிங்குக்கு வைத்திருந்த கேஸ் சிலிண்டர், சோடாவில் ஏற்றுகிற அதே கேஸ்தான். குழாய் மட்டும் சரியானது கிடைக்கவில்லை. கல்யாண வீட்டு டீ கேன் குழாய் ஒன்றை வாங்கினேன். டீ வந்தால் பீர் வராதா?

பீர் வாங்கியதுதான் பெரிய பாடு. நான் அந்தக் கடைப்பக்கம் போகிற ஆள் இல்லை. யாரும் பார்க்கக் கூடாது என்று தலையில் ஹெல்மெட்டோடு வரிசையில் நின்றேன். வண்டியை வீட்டில் வைத்துவிட்டு நடந்து போயிருந்தேன் என்பது பிறகுதான் உறைத்தது. வரிசையில் பின்னால் நின்றவர், "இன்னா மோகனு, நடக்கறதுக்கும் ஹெல்மெட் வந்துட்ச்சா?" என்று கேட்டார்.

பட்டறை முதலாளியிடம் விவரம் சொன்னபோது அவர் ஒரே கேள்வி கேட்டார். "பாட்டில வூட்டு பிரிட்ஜுல வெச்சா போதாதாப்பா?" அன்றைக்கு யார் சொன்னாலும் எனக்குக் கேட்டிருக்காது.

சனிக்கிழமை வந்தது. மறுநாள் மாமாவின் மூத்த மகன், என் மச்சான், காரோடு வந்துவிடுவார். மாமா, போகுமுன் சொல்லிக்கொண்டு வர நெட்டுக்குப்பத்தில் இருக்கும் பழைய கூட்டாளி வீட்டுக்கு விடிகாலை ஐந்தரைக்கே ஆட்டோவில் கிளம்பினார். அந்த நேரத்தில் தெரு முழுக்கக் குடத்தோடு தண்ணி லாரிப் பக்கம் இருந்தது. அவர் போனதை யாரும் பார்க்கவில்லை. போனும் எடுத்துப் போகவில்லை, நாலு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்.

எட்டு மணிக்கு ஃப்ரீசர் மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் நீலத் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு வந்தது. வாசலில் நுழையவில்லை. மாமாவின் நாற்காலியை எடுத்து வெளியே சுவரோரம் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துவிட்டு, நான்கு பேர் பிடித்துப் பெட்டியை மெதுவாகக் கூடத்துக்குள் இறக்கினோம். கௌரிக்கு இரண்டு நாளாக மெட்ராஸ் ஐ. கண் இரண்டும் மிளகாய்ப் பழம். முந்தானையால் துடைத்துத் துடைத்து மூக்கும் சிவந்துவிட்டது. கதவோரம் நின்று பார்த்துவிட்டு, "இன்னாமோ பண்ணு" என்று உள்ளறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

தெருவில் இருந்து பார்க்கிறவர்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

ஃப்ரீசரை ஓட விட்டேன். ஒரு மணி நேரத்தில் உள்ளே கை வைக்க முடியவில்லை. எனக்கு நானே கை கொடுத்துக்கொள்ளலாம் போல இருந்தது. பாட்டில்களைத் திறந்து பீப்பாயில் பீரை ஊற்றி முடிக்கப் பகல் பன்னிரண்டு ஆகிவிட்டது. பிறகு டிரில்லை எடுத்து, பக்கவாட்டில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு, எத்தனையோ கேட்டுக்கு ஓட்டை போட்ட தைரியத்தில் அழுத்தினேன்.

புஸ்ஸ்ஸ் என்றது.

இந்த ஃப்ரீசர்களில் குளிர்விக்கிற கேஸ் ஓடும் குழாய், சுவருக்குள்தான் சுற்றிச் சுற்றி வருமாம். அதனால்தான் அந்த வீடியோக்காரர் சுவரைத் தொடாமல் மரச்சட்டத்தில் மாட்டினார். அழகுக்கு இல்லை. கேஸ் முழுவதும் என் முகத்தில் அடித்துவிட்டுப் போய்ச் சேர்ந்தது. மூடியைத் திறந்து, உள்பக்கமும் ஓட்டை விழுந்ததா என்று பார்க்க இடுப்பு வரை உள்ளே குனிந்தேன். அப்படியே பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். உண்மையைச் சொல்வதென்றால் கண் கலங்கியது. "ஐயோ மாமா" என்றும் சொன்னதாக ஞாபகம்.

அந்த நேரத்தில்தான் மூன்று வீடு தள்ளி இருக்கும் ஸ்டெல்லாக்கா, காசிமேட்டிலிருந்து எடுத்து வந்த மீனை விற்கப் போகிற வழியில், எங்கள் ஜன்னலைக் கடந்திருக்கிறார். நாற்காலி கவிழ்ந்து கிடக்கிறது. பெரியவரைக் காணோம். கூடத்தில் ஆள் நீளத்துக்கு ஃப்ரீசர் பெட்டி. மருமகன் அதில் கவிழ்ந்து "ஐயோ மாமா" என்கிறான். உள்ளே கௌரி மூக்கைச் சிந்துகிறாள். ஸ்டெல்லாக்கா கூடையை அங்கேயே இறக்கிவிட்டார்.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம். எழவு வீட்டில் கேள்வி கேட்கக் கூடாது. எப்படி ஆச்சு, எப்போது ஆச்சு என்று வீட்டுக்காரரைக் குடையக் கூடாது. பந்தல், நாற்காலி, தண்ணீர், மேளம் எல்லாம் தெரு பார்த்துக்கொள்ளும். வீட்டுக்காரர் உட்கார்ந்து அழுதால் போதும். ரொம்ப நல்ல வழக்கம். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

நான் இது எதுவும் தெரியாமல் பின்பக்கச் சந்து வழியாக ஓட்டையை அடைக்க எம்-சீல் வாங்கப் போனேன். அங்கிருந்து ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கைத் தேடிப் போனேன். அவர் கேட்டுவிட்டு, "கேட்டுக்குப் போடற மாரி போட்டுட்டியா?" என்று சிரித்தார். கேஸ் ஏற்ற நாளை காலைதான் வருவேன் என்றார். இரண்டு மணி நேரம் அலைந்துவிட்டு முன்பக்கமாகத் திரும்பி வந்தேன்.

தெருவில் பந்தல் போட்டிருந்தது. நாற்பது நாற்காலி. சாவு மேளம் நெருப்பில் காய்ந்துகொண்டிருந்தது.

இந்த இடத்தில் ஆட்டோ ஸ்டாண்டில் என்னைக் கேலி செய்வார்கள். "உன் வூட்டு வாசல்ல பந்தல் கீது, உனக்குத் தெரிலயா?" தெரியவில்லை. காரணம் இருக்கிறது. எங்கள் வீட்டுக்கு முன்னால்தான் தெரு கொஞ்சம் அகலம். யார் வீட்டில் எழவு விழுந்தாலும் பந்தல் கயிற்றை எங்கள் ஜன்னல் கம்பியில்தான் கட்டுவார்கள். அதனால் நான், ஐயோ, யாரோ தெருவில் போய்விட்டார்கள் என்று நினைத்தேன். யார் என்று கேட்கலாமா? கூடாது. அதுதான் வழக்கம். எம்-சீலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

உட்கார விடவில்லை. பந்தல், சேர் வாடகைக்கு விடும் காதர் பாய் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "முன்னாடி வந்து குந்து மோகனு. நீ இங்கலாம் குந்தக்கூடாது" என்று முதல் வரிசைக்கு இழுத்துப் போனார். ஒவ்வொருவராக வந்து என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள். வருடக்கணக்கில் என்னிடம் பேசாத பக்கத்துத் தெரு ஆள்கூட வந்து கட்டிக்கொண்டார். நம் தெருவில் எல்லோருக்கும் நம் மேல் இவ்வளவு பிரியமா என்று நெகிழ்ந்துபோனேன். யாரோ சோடா கொடுத்தார்கள். குடித்தேன்.

உள்ளே கௌரி கதையும் அதேதான். ஸ்டெல்லாக்கா ஒப்பாரி வைத்துக்கொண்டு வர, தெருவில் யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்து இவளும் அழ ஆரம்பித்திருக்கிறாள். வந்த பெண்கள் எல்லோரும் உள்ளறையிலேயே இவளைக் கட்டிக்கொண்டு கன்னத்தோடு கன்னம் வைத்து அழுதிருக்கிறார்கள். யார் செத்தது என்று அவளும் கேட்கவில்லை. கூடத்தில் பெட்டியோடு மற்றச் சாமான்களையும் மூடி நான் போட்டுவிட்டுப் போன தார்ப்பாயை விலக்கிப் பார்க்க யாருக்கும் மனசு வரவில்லை. யாரோ ஒருவர் தலைமாட்டில் விளக்கு மட்டும் ஏற்றி வைத்திருந்தார்.

மூன்றரை மணிக்குப் பேனர் வந்தது. எங்கள் பக்கத்தில் பிறந்தநாள் கேக் சொன்னால் வருவதற்குச் சாயங்காலம் ஆகும். கண்ணீர் அஞ்சலிப் பேனர் ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிடும். இரண்டு பக்கமும் புறா, நடுவில் கறுப்புக் கண்ணாடி போட்டுச் சிரிக்கிற ஒரு பெரியவர். நான் நிமிர்ந்து பார்த்தேன். பாவம், நம் மாமா மாதிரியே இருக்கிறார் என்று நினைத்தேன். சட்டைகூட அதே சட்டை. அந்தச் சட்டையை நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.

அப்போதுதான் மேளக்காரர்கள் ஆரம்பித்தார்கள்.

நான் எழுந்து நின்றேன். கையைத் தூக்கினேன், பள்ளிக்கூடத்தில் வெளியே போகக் கேட்பது போல. காதர் பாய் ஓடி வந்தார்.

"இன்னா மோகனு, தண்ணி ஓணுமா?"

"பாய், மாமா சாவல பாய்."

பாய் என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். "அப்டித்தான் தோணும். எங்க வாப்பா மௌத்தானப்போ நானும் இதே வார்த்ததான் சொன்னேன்."

"இல்ல பாய், உசுரோட கீறாரு."

"கீறாரு. நம்ம எல்லார் மனசுலயும் கீறாரு."

"மனசுல இல்ல பாய், நெட்டுக்குப்பத்துல!"

பாய் பக்கத்தில் இருந்தவரிடம், "மாத்தி மாத்திப் பேசறான். காலைலேந்து பட்டினி போலகீது. டீ எடுத்தா" என்றார்.

மணி நான்கு. தெருமுனையில் ஆட்டோ வந்து நின்றது.

மாமா இறங்கினார். கையில் ஒரு பையில் நண்டு. பந்தலைப் பார்த்தார். அவரும் எங்கள் தெரு வழக்கம் தெரிந்தவர்தானே. செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். நண்டுப் பையைக் கீழே வைத்தார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மெதுவாக நடந்து வந்தார். வரிசை வரிசையாக ஆட்கள் எழுந்து நின்றார்கள். மேளம் ஒவ்வொன்றாக நின்றது. கண்ணை மூடிக்கொண்டு அடித்த ஒருவர் மட்டும் கொஞ்ச நேரம் தனியாக அடித்தார். மாமாவுக்குப் பார்வை கொஞ்சம் மட்டம். பேனருக்கு முன்னால் நின்று இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார்.

"யாருப்பா இவுரு? பாத்த மூஞ்சா கீது."

உள்ளே இருந்து வந்த ஸ்டெல்லாக்கா போட்ட சத்தத்தில் பந்தலே ஆடியது.

"ஏம்மே கத்துற? எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது" என்றார் மாமா. பிறகு பேனருக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "ஸ்டெல்லா, இது என் கண்ணாடி."

மாமா திரும்பினார். நாற்பது பேர் நடுவில் நேராக என்னைப் பார்த்தார். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அப்போதும் கோபப்படவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"நாளைக்குத்தான் போறேன்னு சொன்னனே மாப்ள. அதுக்குள்ள மேளம் வெச்சி அனுப்பறியா?"

தெரு முழுக்க என் வாயைப் பார்த்தது. கௌரி சிவந்த கண்ணோடு வாசலில் நின்று, ரசம் கேட்கப் போகிறானா என்பது போலப் பார்த்தாள்.

"பொட்டி உங்களுக்கு இல்ல மாமா," என்றேன். பிறகு, "உங்களுக்குத்தான். ஆனா படுக்க இல்ல. பீரு. கப்பல்ல குட்ச்சீங்களே, அந்த மாரி கொழாய்ல. நீங்க ஆவடிக்குப் போவக்கூடாதுனு. வாயால சொல்ல வரல. அதான் ஓட்ட போட்டேன். கேஸு போய்ட்ச்சி. நீங்க எங்க வூட்லயே இருங்க மாமா."

என் வாழ்க்கையில் நான் ஒரே மூச்சில் பேசிய நீளமான பேச்சு இதுதான். முடித்தபோது மூச்சு வாங்கியது. யாரும் இருமவில்லை.

காதர் பாய்தான் முதலில் பேசினார். "பாட்டில பிரிட்ஜுல வெச்சா போதாதா மோகனு?"

மாமா வாசற்படி ஏறினார். உள்ளே போய்த் தலைமாட்டு விளக்கை ஊதி அணைத்தார். தார்ப்பாயை இழுத்தார். பீப்பாய், சிலிண்டர், டீ கேன் குழாய் எல்லாவற்றையும் சுற்றி வந்து பார்த்தார். "வெளிய எடுத்தா" என்றார்.

ஆறு பேர் பிடித்துப் பெட்டியைப் பந்தலுக்கு நடுவில் வைத்தார்கள். பீப்பாயை உள்ளே இறக்கி, ஓட்டை போட்ட இடத்தில் குழாயை முறுக்கி, எம்-சீல் அப்பினேன். சிலிண்டர் வால்வை எவ்வளவு திறப்பது என்று வீடியோவில் கையால் காட்டவில்லை. நான் வெல்டிங்குக்குத் திறக்கிற அளவுக்குத் திறந்தேன். மாமா குழாயைத் திருகினார். முதலில் காற்று வந்தது.

"நம்ம தெருக் கொழாதான் இது, சந்தேகமே இல்ல" என்றார் யாரோ.

அதற்குப் பிறகு வந்தது பீர் இல்லை, நுரை. சூடான நுரை. டீ கேன் குழாய் பிடுங்கிக்கொண்டு மேளக்காரர்களைத் தாண்டிப் போய் விழுந்தது. நுரை பேனரில் மாமாவின் கறுப்புக் கண்ணாடியில் அடித்து வழிந்தது. காதர் பாய் தூரமாக ஓடி, "யா அல்லா, எனக்கு இது ஆவாது" என்று சட்டையை உதறினார். நான் சிலிண்டர் மேல் படுத்து வால்வை மூடினேன். (ஆட்டோ ஸ்டாண்டில் நான் பெட்டி மேல் விழுந்து புரண்டதாகச் சொல்வது இதைத்தான். அது சிலிண்டர்.)

சிரிப்பு எங்கிருந்து ஆரம்பித்தது என்று தெரியவில்லை. ஸ்டெல்லாக்கா பந்தல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு, "இரு, மீனுக்கு வாங்கன ஐஸு கீது" என்று ஓடிப் போய், இன்னும் பிரிக்காத மூட்டையோடு வந்தார். ஃப்ரீசருக்குள் பீப்பாயைச் சுற்றி ஐஸைக் கொட்டினோம். குளிர வைக்கத் தெரியாத ஃப்ரீசர், குளிரைப் பிடித்து வைக்க மறக்கவில்லை. குழாயை எடுத்து வந்து கம்பி போட்டுக் கட்டினேன். ஒரு மணி நேரம் காத்திருந்தோம். அந்த ஒரு மணி நேரமும் மேளக்காரர்கள் சும்மா இருக்க மனசில்லாமல், கல்யாண அடி அடித்தார்கள்.

மாமா முதல் அரை டம்ளரைக் கையில் வாங்கினார். மெதுவாகக் குடித்தார். நாக்கைச் சப்புக் கொட்டினார். தெருவே காத்திருந்தது.

"கப்பல்ல குட்ச்ச மாரி இல்ல," என்றார். "அங்க பக்கத்துல ஒருத்தனயும் தெரியாது."

மிச்சத்தை மேளக்காரர்களும் ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்களும் பார்த்துக்கொண்டார்கள். காதர் பாய்க்கு அவர் எனக்கு வரவழைத்த டீ.

இதெல்லாம் நடந்து இரண்டு வருடம் ஆகிறது. கௌரியைக் கட்டிக்கொண்டு அழுத அத்தனை பெண்களுக்கும் அந்த வாரமே மெட்ராஸ் ஐ வந்தது. அவர்களிடமிருந்து அவர்கள் வீட்டுக்காரர்களுக்கு. பத்து நாள் எங்கள் தெருவே சோகமாக இருப்பது போல இருந்தது. எழவு வீட்டில் கேள்வி கேட்கக் கூடாது என்கிற வழக்கத்திலும் ஒரு திருத்தம் வந்திருக்கிறது. பந்தல் கயிறு கட்டுவதற்கு முன்னால் காதர் பாய் ஒரு ஆளை உள்ளே அனுப்பி, போனவரை நேரில் பார்த்துவிட்டு வரச் சொல்கிறார். அதற்குத் தெருவில் 'மோகன் செக்' என்று பெயர். "மோகன் செக் ஆச்சா?" என்று எழவு வீட்டு வாசலில் நின்று சீரியஸாகக் கேட்பார்கள். நான் அங்கே இருந்தால் தலையைக் குனிந்துகொள்வேன். என் பெயர் எங்கள் பக்கத்தில் நிலைப்பது இப்படித்தான் என்று எழுதியிருக்கிறது போல.

மறுநாள் நடந்ததையும் சொல்லி முடித்துவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஃப்ரிட்ஜ் மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, கம்ப்ரஸரும் போய்விட்டது என்றார். பதினொரு மணிக்கு மச்சான் ஆவடியிலிருந்து காரோடு வந்தார். மாமா அவரிடம், "செத்த வூட்ல பதினாறாம் நாள் காரியம் முடியாம நவுரக்கூடாதுடா, அப்பால பாக்கலாம்" என்றார். (அந்தப் பதினாறாம் நாள் இன்றுவரை வரவில்லை.) மச்சான் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். மதியம் சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்கு அவர் கிளம்பினார். அப்பா சாய்ந்துகொள்ள என்று பின்சீட்டில் போட்டுக்கொண்டு வந்த தலையணையை எடுத்து எங்கள் வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார்.